பவர்பாங்க் கையிலா, பெட்டியிலா? ஊருக்குப் பறப்பவர்களின் மின்கருவிக் கணக்கு

சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்குப் பறப்பது ஏ.ரி.ஆர் 72 என்ற சிறிய விமானம். ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ நீங்கள் உருட்டிக்கொண்டு வந்த சில்லுப் பெட்டி அதன் மேல்தட்டில் கொள்ளாது. படியடியில் நிற்கும் ஊழியர் அதற்கு ஒரு அட்டையைக் கட்டி, வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார். உள்ளே பவர்பாங்க் இருக்கிறதே என்ற ஞாபகம் சிலருக்கு அந்த நேரத்தில் வரும். பலருக்கு இருக்கையில் போய் இருந்த பிறகுதான் வரும்.

இதற்கு ஒரு சின்னத் துணிப்பை போதும். பவர்பாங்க், கமராவின் மேலதிக பற்றரிகள், மீள்மின்னேற்றும் பென்சில் பற்றரிகள் எல்லாம் அந்தப் பைக்குள் இருக்கட்டும். பையைப் பெட்டியின் வெளிப்பக்க அறையில், பெட்டியை விரிக்காமலே இழுத்தெடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். லப்ரொப்புக்கும் அதே இடம்தான். மடித்து வைத்த ஒரு துணித் தோள்பையும் கூடவே இருந்தால், பெட்டியைக் கேட்கும்போது அரை நிமிடத்தில் வேண்டியதை மாற்றிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாம். இது பலாலிப் பயணத்துக்கு மட்டும் உரியதல்ல. பெரிய விமானங்களிலும் இடம் நிரம்பிவிட்டால், கடைசியாக வரிசையில் நிற்பவர்களின் கைப்பெட்டியை வாசலில் வைத்து வாங்கிக் கீழே அனுப்புவார்கள்.

தனியாக இருக்கும் லிதியம் பற்றரி எதுவும் சரக்கறைக்குப் போகக்கூடாது என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி. பவர்பாங்க்கும் தனிப் பற்றரியாகவே கணக்கில் வரும். கருவிக்குள் பொருத்தப்பட்ட பற்றரி, அதாவது லப்ரொப், ரப்லெற், கமரா போன்றவை, கீழே போகலாம். ஆனால் முற்றாக நிறுத்தியிருக்க வேண்டும். மூடியை மடித்து உறங்க விட்டிருப்பது நிறுத்தியதாகாது. உடுப்புகளுக்கு நடுவே உறங்கும் லப்ரொப் தானாக விழித்துச் சூடேறலாம். காற்றோட்டமும் அங்கே இல்லை. முடிந்தவரை எல்லாவற்றையும் மேலே கொண்டுபோவதே நல்லது.

லிதியம் பற்றரியின் உள்ளே இரண்டு முனைகளையும் பிரிப்பது மெல்லிய ஒரு தாள்தான். விழுந்தோ நசுங்கியோ உற்பத்திக் குறையாலோ அது பழுதானால் உள்ளேயே குறுஞ்சுற்று ஏற்படும். ஒரு கலம் சூடேறி அடுத்ததைச் சூடாக்கும். சரக்கறையில் தீயணைக்க வைத்திருக்கும் ஹேலன் வாயு சுவாலையை அடக்குமே தவிர இந்தச் சூட்டுத் தொடரை நிறுத்தாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு 2017இல் செய்த சோதனை ஒன்றில், லப்ரொப்பின் பற்றரிக்குப் பக்கத்தில் தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பா ஒன்றையும் வைத்துப் பெட்டியை மூடினார்கள். பற்றரியைச் சூடாக்கியதும் ஹேலன் வேலை செய்யும் முன்பே டப்பா வெடித்தது. மேலே, ஆட்களுக்கு நடுவே பற்றரி புகைந்தால் உடனே தெரியும். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க ஆளும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், அதே 2017இல் சட்டம் இதற்கு நேரெதிராகச் சொன்னது. மார்ச் மாதத்தில் அமெரிக்கா, டுபாய், டோஹா, அபுதாபி, இஸ்தான்புல் உட்பட 10 விமான நிலையங்களில் இருந்து நேரடியாக வரும் விமானங்களில் கைத்தொலைபேசியைவிடப் பெரிய கருவிகளைக் கைப்பொதியில் தடைசெய்தது. குண்டுப் பயம்தான் காரணம். பிரித்தானியாவும் பின்னாலேயே தன் பட்டியலை வெளியிட்டது. நீளம் 16, அகலம் 9.3, தடிப்பு 1.5 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது எதுவும் கூடாது என்றது. ஆனால் அதன் பட்டியலில் துருக்கி இருந்தது, டுபாயும் டோஹாவும் இல்லை. கனடா சேரவே இல்லை. ஆக, ஊரில் இருந்து டுபாய் வழியாகத் திரும்பிய குடும்பத்தில் நியூயோர்க் போனவர் லப்ரொப்பைப் பெட்டிக்குள் போட வேண்டியிருந்தது. ரொறன்ரோ போனவரும் லண்டன் போனவரும் மடியில் வைத்துக்கொண்டே பறந்தார்கள். அமெரிக்காவின் தடை அந்த ஜூலையிலேயே நீங்கத் தொடங்கியது. இன்று அப்படி ஒரு தடை இல்லை. ஆனால் போகும் வழி மாறினால் விதியும் மாறும் என்பது மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

பற்றரியின் அளவை வாட் மணியில்தான் (Wh) பார்ப்பார்கள். 100 வரை பிரச்சினை இல்லை. 100க்கு மேல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும், தனிப் பற்றரி என்றால் இரண்டுக்கு மேல் கொண்டுபோக முடியாது. 160ஐத் தாண்டினால் கையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. பவர்பாங்க்கில் பெரிதாகப் போட்டிருப்பது மில்லி அம்பியர் மணி (mAh). அதை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட் மணி வரும். 20,000 என்றால் 74. 26,800 என்றால் 99க்குச் சற்று மேல். 30,000 என்றால் 111, அனுமதி கேட்க வேண்டும். 50,000 என்றால் 185, வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெருக்கும்போது யூ.எஸ்.பி. வெளியீட்டின் 5 வோல்ற்றைப் போட்டுவிடாதீர்கள். 20,000 பவர்பாங்க்கை 5ஆல் பெருக்கினால் 100 வந்து எல்லையில் நிற்கும், தேவையில்லாத வாக்குவாதம் தொடங்கும். உள்ளே இருக்கும் கலத்தின் அழுத்தம்தான் கணக்கு.

பரிசோதகர் பெருக்கிப் பார்ப்பார் என்று நம்ப வேண்டாம். அச்சிட்டிருப்பதைத்தான் அவர் பார்ப்பார். எழுத்து தேய்ந்துபோன பவர்பாங்க்கும், லேபிளே இல்லாத மலிவுப் பவர்பாங்க்கும் கொள்ளளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பறிபோகலாம். பொதுவாகத் தோற்பது பெரிய பவர்பாங்க் அல்ல, இந்த எழுத்தழிந்த பவர்பாங்க்தான்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படுமுன்பே மேல்தட்டில் தீப்பிடித்து எரிந்தது. எல்லோரும் வெளியேறித் தப்பினார்கள். பவர்பாங்க் ஒன்றின் உள்ளே காப்பு பழுதடைந்திருக்கலாம் என்றே விசாரணையாளர்கள் சொன்னார்கள். அதன் பிறகு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இறுக்கத் தொடங்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல், விமானத்துக்குள் பவர்பாங்க்கால் போனை மின்னேற்றுவதையும் பவர்பாங்க்கையே மின்னேற்றுவதையும் நிறுத்தியது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்று, அதுவும் 100 வாட் மணிக்குள் என்றது. உள்ளே அதைப் பாவிக்கக்கூடாது. மேல்தட்டிலும் வைக்கக்கூடாது, முன் இருக்கைப் பையிலோ காலடிப் பையிலோ இருக்க வேண்டும்.

ரிக்கெற்றில் இரண்டு மூன்று நிறுவனங்கள் இருந்தால், எதில் விதி இறுக்கமோ அதற்கு ஏற்ப அடுக்குங்கள். முதல் பறப்பில் இரண்டு பவர்பாங்க்கை அனுமதித்தார்களே என்று, இடைத்தங்கலில் அடுத்த நிறுவனம் ஒன்றைக் கழிக்கச் சொல்லும்போது வாதாடிப் பயனில்லை. ரிக்கெற் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும் விமானத்தை ஓட்டுவது வேறு நிறுவனமாக இருக்கலாம். ஓட்டுபவரின் விதிதான் செல்லும். அது ரிக்கெற்றில் சிறிய எழுத்தில் இருக்கும்.

இனி நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். பெறாமகனுக்கு ஒரு பழைய லப்ரொப், சித்திக்கு ஒரு ரப்லெற், மச்சானுக்கு மேசைக்குள் கிடந்த இரண்டு போன்கள். பல நிறுவனங்கள் ஒருவருக்கு 15 கருவிகளும் 20 தனிப் பற்றரிகளும் வரை விடும், ஆகவே எண்ணிக்கை தடையில்லை. பழமைதான் தடை. வருடக்கணக்கில் கிடந்த லப்ரொப்பை மட்டமான மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால், தொடுபலகை மேலே தள்ளி நின்றால், மூடி சரியாக மூடாவிட்டால் பற்றரி வீங்கியிருக்கிறது. அதைக் கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் முடியாது. கடையில் கொடுத்துப் பற்றரியைக் கழற்றிவிட்டு வெறும் கருவியைக் கொண்டுபோகலாம். ஆப்பிள் 2019 ஜூனில் 15 அங்குல மக்புக் புரோவின் 2015 நடுப்பகுதி மாதிரியைப் பற்றரிக் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. பற்றரி மாற்றாத அந்த மாதிரி இன்னும் பல வீடுகளில் உண்டு. தொடரிலக்கத்தை ஆப்பிளின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பற்றரி தீப்பிடித்ததால் திரும்ப அழைக்கப்பட்ட சாம்சுங் கலக்சி நோட் 7 போன் கையில் இருந்தால் அது வீட்டைவிட்டே வெளிக்கிடக்கூடாது.

வேறொருவர் தந்த பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டிக்குள் போட வேண்டாம். விளையாட்டுக் கார், முகச்சவர இயந்திரம், மின்னேற்றும் ரோர்ச் என்று எதற்குள்ளும் பற்றரி இருக்கும். பெரிய விமான நிலையங்களில் பெட்டி உங்கள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எக்ஸ்-ரேயில் போகிறது. உள்ளே பவர்பாங்க் தெரிந்தால் பெட்டியைத் தனியே எடுத்து வைத்து உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள், அல்லது பூட்டை உடைத்து எடுப்பார்கள், அல்லது பெட்டி அடுத்த விமானத்தில் வரும். பிளாஸ்ரிக் சுற்றிக் கயிறும் கட்டிய பெட்டியானால் உங்களுக்கும் சிரமம், அவர்களுக்கும் சிரமம். கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கட்டடத்துக்குள் நுழையும்போதே பொதிகளை ஸ்கானரில் போடுகிறார்கள், பெட்டி கையில் இருக்கும்போதே தவறு தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதை நம்பியே அடுக்காதீர்கள்.

கொண்டுபோகும் கருவி எல்லாம் உயிரோடு இருக்க வேண்டும். பிரித்தானியாவில் பரிசோதகர் கேட்டு, கருவி ஒளிராவிட்டால் அதை விமானத்துக்குள் விடமாட்டார்கள். அமெரிக்காவும் 2014 முதல் சில வெளிநாட்டு விமான நிலையங்களில் இப்படிக் கேட்டு வருகிறது. பரிசாகக் கொண்டுபோகும் பழைய போனுக்கும் முதல் நாள் பாதியளவு மின்னேற்றி, கடவுச்சொல்லை நினைவில் வைத்திருங்கள். இந்தியாவில் லப்ரொப், பவர்பாங்க், கமரா, சார்ஜர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டில் பரப்பச் சொல்வார்கள். துணிப்பை ஒன்றுக்குள் எல்லாம் இருந்தால் அங்கேயும் வேலை சுருங்கும்.

இந்தியா வழியாகப் போகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. முதலாவது, செய்மதித் தொலைபேசி. துராயா, இரிடியம் போன்களும், மலையேறப் போகிறவர்கள் பாவிக்கும் கார்மின் இன்றீச் போன்ற கருவிகளும் முன் அனுமதியின்றி அங்கே சட்டவிரோதம். பையில் கிடந்த ஒன்று ஸ்கானரில் தெரிந்து, பொலிஸ் வரை போன வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. ஐபோனுக்குள் உள்ள செய்மதி வசதி வேறு விஷயம், அதற்காகப் பயப்பட வேண்டாம். இரண்டாவது, மின்சிகரெற். 2019 முதல் தடை, அதை விமானத்துக்கு வெளியேயே மறந்துவிடுங்கள். மூன்றாவது, ட்ரோன். 2022 பெப்ரவரியில் இருந்து இறக்குமதித் தடை. இலங்கைக்குக் கொண்டுபோகவும் முன் அனுமதி பெற வேண்டும். பலாலி இராணுவ வளாகங்கள் சூழ்ந்த இடம், அங்கே கமராவைக்கூட மூடி வைத்திருப்பது புத்தி. இந்தியச் சுங்கத்தில் 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு ஒரு லப்ரொப் தீர்வையின்றிப் போகும். பெட்டி பிரிக்காத இரண்டாவது லப்ரொப் கேள்விக்கு வழிவிடும்.

அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு: உறக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபாப் இயந்திரத்தையும் கையில் எடுக்கும் ஒட்சிசன் கருவியையும் கைப்பொதியிலேயே கொண்டுபோங்கள். நிறுவனத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன்பே அறிவியுங்கள், மருத்துவரின் கடிதமும் வேண்டும். ஒட்சிசன் கருவிக்குப் பறப்பு நேரத்தின் ஒன்றரை மடங்குக்குப் பற்றரி இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். 10 மணித்தியாலப் பறப்புக்கு 15 மணித்தியாலப் பற்றரி. இடைத்தங்கலில் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். காது கேட்கும் கருவி, பேஸ்மேக்கர், பெட்டிக்குள் போடும் சின்ன நாணயப் பற்றரித் தேடுகருவி இவற்றில் சிக்கலில்லை.

தனிப் பற்றரிகளின் உலோக முனைகள் ஒன்றோடொன்றோ சாவியோடோ உரசினால் குறுஞ்சுற்று ஏற்படும். ஒவ்வொன்றையும் தனிப் பிளாஸ்ரிக் பைக்குள் போடுங்கள், அல்லது முனைகளின் மேல் ஒட்டுநாடா ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள்.

விமானத்தில் போன் இருக்கையின் இடுக்குக்குள் விழுந்தால் சாய்வைத் தட்டாதீர்கள், கையை விட்டுத் துழாவவும் வேண்டாம். இருக்கை நகர்ந்து போனை நசுக்கினால் அங்கேயே புகை கிளம்பும். பணியாளரைக் கூப்பிடுங்கள், அவர்களுக்கு அதை எடுக்கத் தெரியும். கையில் இருக்கும் கருவி சுடத் தொடங்கினாலோ வீங்கினாலோ மின்னேற்றுவதை நிறுத்தி உடனே சொல்லுங்கள். கம்பளியால் மூடக்கூடாது, ஐஸ்கட்டி வைக்கக்கூடாது. இரண்டும் சூட்டை உள்ளே அடைத்துவிடும்.

திரும்பி வரும்போது பெட்டிக்குள் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் ஒடியலும் புளுக்கொடியலும் ஏறி நிறை கூடும். கடைசி நேரத்தில் கைப்பொதியில் இருப்பதைப் பெட்டிக்கு மாற்றுவார்கள். அப்படி மாற்றும்போது பற்றரிப் பையும் சேர்ந்து போய்விடும். நிறை பார்க்கும் தராசில் பெட்டியை ஏற்றுமுன் அந்தப் பை தோளில் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.