வன்னியிலிருந்து அவசர மருத்துவ சேவைக்குள் நுழைவது எப்படி?

முல்லைத்தீவிலிருந்து பரந்தன் சந்திக்கு ஏ35 வீதியால் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். நகரத்தில் நோயாளர் காவு வண்டிக்குள் நோயாளி கழிப்பது பத்து நிமிடம் என்றால், வன்னியில் அது முக்கால் மணித்தியாலமாகவும் ஆகலாம். அந்த நேரம் முழுவதும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் நீங்கள் மட்டும்தான். இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கீழே உள்ள படிகளையும் இந்தத் தூரத்தை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த வாசலால் நுழைவது என்று தீர்மானியுங்கள்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் காவு வண்டியை அனுப்பும் ‘1990 சுவசெரிய’ சேவை இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 யூலையில் வடக்குக்கு வந்தது. அதே ஆண்டில் நிறைவேறிய தனிச் சட்டமொன்றின் கீழ் அது ஒரு மன்றமாக இயங்குகிறது. நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. வண்டியில் இருவர் இருப்பார்கள்: அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர், சாரதி ஒருவர். சாரதியை அங்கே ‘பைலட்’ என்றே அழைப்பார்கள். அழைப்புகளை ஏற்று வண்டியை அனுப்பும் நிலையம் கொழும்பை அடுத்த இராஜகிரியவில் இருக்கிறது. தமிழில் நிதானமாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களுக்கு அங்கும் இடமுண்டு.

இரண்டாவது வாசல் சுகாதாரத் திணைக்களத்தின் வைத்தியசாலை வண்டிகள். மல்லாவியிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ பெரிய வைத்தியசாலைக்கு நோயாளியை மாற்றும்போது ஓடுபவை இவைதான். மூன்றாவது நீண்ட வழி: உயர்தரத்தின் பின் தாதியர் கல்லூரியில் பயின்று, பிறகு விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் நல்ல பெறுபேறு உள்ளவர்கள் அவசரப்பட்டு முதல் வாசலால் நுழைந்துவிடாமல் இந்த மூன்றாவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

படி 2: முதலுதவியைச் சான்றிதழோடு கற்றுக்கொள்ளுங்கள்

ஆட்சேர்ப்பு விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் கிளைகள் உள்ளன. சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவி கற்பிக்கிறது. சான்றிதழை விட, அங்கே பொம்மையின் மார்பில் கைவைத்து அழுத்திப் பழகுவதே பெரிய இலாபம்.

படி 3: கையையும் கண்ணையும் வீட்டிலேயே பழக்குங்கள்

இதயம் நின்றவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, வளர்ந்தவராயின் குறைந்தது 5 சென்றிமீற்றர் ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும். ஒவ்வொரு 30 அழுத்தங்களுக்குப் பிறகும் 2 தடவை மூச்சு ஊத வேண்டும். எழுத்தில் இது இலேசாகத் தெரியும். பாதி நிரம்பிய நெல் மூட்டையொன்றை நிலத்தில் கிடத்தி, முழங்காலிட்டு, முழங்கைகளை மடக்காமல் இரண்டு நிமிடம் அதே வேகத்தில் அழுத்திப் பாருங்கள். ஒன்றரை நிமிடத்திலேயே வேகம் குறைவதை உணர்வீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்வது அதனால்தான்.

அடுத்தது எண்ணும் பழக்கம். அம்மாவின் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து நாடித்துடிப்பை 30 வினாடி எண்ணி இரட்டியுங்கள். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு அது 60க்கும் 100க்கும் இடையில் இருக்கும். பிறகு, விரல்களை எடுக்காமலே பார்வையை மட்டும் வயிற்றுக்கு மாற்றி, மூச்சை எண்ணுங்கள். ‘மூச்சை எண்ணப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டால் யாருடைய மூச்சும் இயல்பாக இராது. நாடி பார்ப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உண்மையான எண்ணிக்கை கிடைக்கும். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பாம்பு தீண்டியவரிடமும் மூச்சிரைப்போடு வரும் முதியவரிடமும் விடாமல் கவனிக்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

படி 4: மொழி

வன்னியில் நோயாளி தமிழில் முறையிடுவார், வைத்தியசாலைப் பதிவு ஆங்கிலத்தில் இருக்கும், சக பணியாளர் சிங்களத்தில் பேசலாம். இலக்கண நூலைக் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை. உடல் உறுப்புகள், நோய்க்குறிகள், நேரம், மருந்து அளவுகள் ஆகியவற்றை மட்டும் ஒரு கொப்பியில் மூன்று நிரலாக எழுதிப் பாடமாக்குங்கள். ‘நெஞ்சு அடைக்குது’, ‘நெஞ்சு எரியுது’, ‘நெஞ்சு குத்துது’ என்ற மூன்றையும் ஆங்கிலத்தில் வெவ்வேறாக எழுதத் தெரிய வேண்டும். மூன்றையும் நெஞ்சுவலி என்று ஒரே சொல்லில் அடக்கினால் வைத்தியருக்குப் பாதித் தகவல்தான் போய்ச் சேரும்.

படி 5: நிலத்தைப் படியுங்கள்

இதை எந்தப் பாடநெறியும் கற்பிப்பதில்லை. வன்னியில் அழைப்பவர் வீட்டு இலக்கம் சொல்லமாட்டார். ‘உருத்திரபுரம் எட்டாம் வாய்க்கால், மதகடியில் திரும்பினால் ஒரு புளிய மரம்’ என்பார். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே என்றால் குளக்கட்டையும் கோயிலையும் வைத்தே வழி வரும். ஆகவே உங்கள் பிரதேசத்தின் குளங்கள், மதகுகள், பாடசாலைகள், மாரியில் வெள்ளம் மூடும் பாலங்கள், இரவில் யானை கடக்கும் இடங்கள் ஆகியவற்றை மோட்டார் சைக்கிளில் ஓடிப் பார்த்துக் கையால் ஒரு வரைபடம் கீறி வையுங்கள். சாரதியாகச் சேர விரும்புபவர் அனுமதிப்பத்திரம் எடுத்தபின் உள்ளொழுங்கைகளில் வேனை ஓட்டிப் பழக வேண்டும். வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பின்னால் ஊசி ஏற்றிக்கொண்டிருப்பவரின் கை ஆடாதபடி பள்ளத்தில் இறக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

படி 6: விண்ணப்பம்

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், கிராம உத்தியோகத்தரின் நற்சான்று ஆகியவற்றின் பிரதிகளை ஒரே கோவையில் தயாராக வையுங்கள். வயதெல்லையும் பாடத் தகைமைகளும் விளம்பரத்துக்கு விளம்பரம் மாறும். அதை வாசிக்காமல் நண்பர் சொன்னதை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். நேர்முகப் பரீட்சையில் ‘ஏன் இந்த வேலை?’ என்று கேட்டால் சேவை மனப்பான்மை என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், நீங்கள் செய்த ஒரு முதலுதவியை, அதில் விட்ட பிழையோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 7: ஒப்படைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பயிற்சியில் சேர்ந்தபின் மற்ற எல்லாம் சொல்லித் தருவார்கள். இந்த ஒன்றில் நான் சறுக்கினேன். நிலத்தில் படுத்து உறங்கிய ஒருவரை விடியப்புறம் பாம்பு தீண்டியது. கடிவாயில் வலியோ வீக்கமோ இல்லை. ஆனால் வரும் வழியில் கண்ணிமைகள் மெல்லத் தாழத் தொடங்கின. கட்டுவிரியன் கடியில் இப்படித்தான் நடக்கும். அடுத்து மூச்சுத் தசைகள் தளரும். கடியை வெட்டாமல், இறுக்கிக் கட்டாமல், காலை அசையாதபடி வைத்து, மூச்சை எண்ணியபடியே வந்தேன். வைத்தியசாலையில் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். தாதி ஒரே கேள்வி கேட்டார்: “இமை எத்தனை மணிக்குத் தாழ்ந்தது, தம்பி?” என்னிடம் பதில் இல்லை. நஞ்சு எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதை அந்த ஒரு நேரம்தான் காட்டியிருக்கும்.

அன்றிலிருந்து இந்த ஒழுங்கில்தான் சொல்கிறேன்: வயது, நடந்த நேரம், நடந்தது என்ன, நான் கண்டது, அளந்த எண்கள் அவற்றின் நேரத்தோடு, நான் செய்தது. அரை நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. கையுறையின் வெளிப்புறத்திலேயே நேரத்தைப் பேனையால் குறித்துவிடுங்கள். கையுறையைக் கழற்றி வீசுமுன் அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

படி 8: மேலே போகும் வழி

சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு பயிற்றுநராகலாம், மேற்பார்வையாளராகலாம். வெளிநாட்டுக் கனவு இருப்பவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்: பிரித்தானியாவில் பரமெடிக்காக (நோயாளர் காவு வண்டியில் அவசர சிகிச்சை தருபவராக) பதிவுபெற 2021 செப்ரெம்பர் முதல் பட்டத் தரத்திலான கல்வி தேவை, இங்கே பெற்ற பயிற்சி மட்டும் அதற்குப் போதாது. அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்புச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும் என்பதால், அதைப் பயணத்துக்கு மிக முன்னதாக எடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

முதல் நாள் கடமைக்கு ஒரு கறுப்புப் பேனை, சிறிய ரோர்ச், வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். கைபேசியில் நேரம் பார்க்கலாமே என்று நினைப்பீர்கள். இரத்தம் பட்ட கையுறையோடு அதைத் தொட முடியாது.