குழுவில் கேள்வி கேட்கும் முன்

மக்களே, ‘புரோகிராம் ஓடல, அவசரம்’ என்று மட்டும் குழுவில் போடாதீங்க. போன வாரம் தக்கலையிலிருந்து ஒரு தம்பி திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். பைத்தான் நிரல்மொழியில் பிழையின் காரணம் கடைசி வரியில்தான் வரும். படத்தில் அதுதான் வெட்டுப்பட்டிருந்தது. எழுத்தாகவே ஒட்டச் சொன்னேன். கடைசி வரி இதுதான்: ‘கீஎரர், பின்கோடு’. அதாவது, அந்தப் பெயரில் எதுவும் கிடைக்கல. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரிச்ச அட்டவணைக் கோப்பு) தலைப்பில் ‘பின்கோடு’க்குப் பின்னால் ஒரே ஒரு இடைவெளி, அதனால பெயர் பொருந்தல!

பிழைச் செய்தி முழுசும், பதிப்பு எண், நீங்க செய்து பார்த்தது எல்லாம் எழுதுங்க. பாஸ்வேர்டை அழிச்சிருங்க. நிரலைப் பத்து வரியாகச் சுருக்குங்க. சுருக்கும்போதே பல நேரம் விடை கிடைச்சிடும்.

1991 ஆகஸ்டில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான இணையக் குழுவில் கேட்டதும் தெளிவான கேள்விதான்: மினிக்ஸில் எது பிடிக்குது, எது பிடிக்கல?

தீர்ந்ததும், எப்படித் தீர்ந்ததுன்னு அங்கேயே எழுதிடுங்க. நாளைக்கு மார்த்தாண்டத்தில் இன்னொரு பிள்ளை அதையே தேடும்.