சம்பூர் வெயிலும் ஹைட்ரஜனும்: கணக்குப் பிழைக்கும் இடங்கள்

திருகோணமலைப் பக்கம் சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் கைவிடப்பட்டு 120 மெகாவாட் சோலர் என்று முடிவானதும், அந்தக் கரண்டில் ஹைட்ரஜன் செய்து சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் நிரப்பி பஸ் ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஆசை நல்லதுதான், கணக்குத்தான் இடிக்கிறது.

முதலில் அந்தத் தாங்கிகளை மறந்துவிடுங்கள். அவை எண்ணெய்க்குக் கட்டியவை. சாதாரண அழுத்தத்தில் ஒரு கன மீற்றர் ஹைட்ரஜனில் இருக்கும் சக்தி ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் டீசலுக்குத்தான் சமம், ஒரு சின்னச் சோடாப் போத்தல் அளவு! அதனால்தான் வாகனங்களில் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 350 அல்லது 700 மடங்கு (350, 700 பார்) அழுத்தத்தில் தனிச் சிலிண்டரில் அடைக்கிறார்கள்.

அடுத்தது, எல்லா வாகனத்துக்கும் ஹைட்ரஜன் என்கிற பிழை. தண்ணீரைக் கரண்டால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் போகும், அதில் கிடைப்பது 33 யூனிட் சக்தி. அழுத்தி அடைக்க, பிறகு ஃபியூல் செல்லில் திரும்பக் கரண்டாக்க என்று இன்னும் இழந்து, கடைசியில் சில்லுக்கு வருவது மூன்றில் ஒரு பங்குதான். பற்றரியில் முக்கால் பங்கு வரும். டவுனுக்குள் ஓடும் ஓட்டோ, நிலாவெளிக்குப் போய்வரும் பஸ் எல்லாவற்றுக்கும் அது தாராளம்.

சரி, பற்றரிதான் என்றாலும் எப்போது ஏற்றுகிறோம் என்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடே இருண்டது. பாவனை குறைந்து சோலர் நிறைந்திருந்த நேரம், அதிர்ச்சியைத் தாங்க நீர், அனல் மின் நிலையங்களில் சுழலும் பெரிய இயந்திரங்கள் போதவில்லை. அதே வருடம் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. பகலில் மிச்சம், மாலை 6.30 முதல் 10.30 வரை தட்டுப்பாடு. மத்தியானம் ஸ்டாண்டில் நிழலுக்கு ஒதுங்கும் ஓட்டோக்காரருக்குப் பக்கத்தில் சார்ஜர் இல்லையென்றால் அவர் வீட்டுக்குப் போய் ஏழு மணிக்குத்தான் ஏற்றுவார், அப்போது வெயிலும் இல்லை. பஸ்ஸோ பகல் முழுக்க வீதியில் நிற்கும், அதற்கு டிப்போவில் தனியாக ஒரு பெரிய பற்றரி வைத்துப் பகல் கரண்டைச் சேர்க்க வேண்டும்.

மிஞ்சுவதில் ஹைட்ரஜன் செய்யலாம் என்றால், தண்ணீரைப் பிரிக்கும் விலை கூடிய இயந்திரம் நாளுக்கு நாலைந்து மணிநேரம்தான் ஓடும், கிலோவின் விலை ஏறிவிடும். கடல் நீரையும் அப்படியே ஊற்ற முடியாது, உப்பகற்ற வேண்டும், ஆனால் அது சின்னச் செலவு. பசளைக்கும் கப்பல் எரிபொருளுக்கும் ஹைட்ரஜனை அமோனியாவாக மாற்றுவதென்றால் நியாயம் உண்டு. அப்புறம் அமோனியா நச்சு வாயு, குடியிருப்புகளுக்குக் கிட்ட வைக்க முடியாது என்பதையும் இடம் பார்க்கும்போதே யோசிக்க வேண்டும்.