மும்பைக்கு வருகிறவர்களுக்கு: முதலில் வெறும் பையை நிறுத்துப் பாருங்கள்

மும்பையில் வேலை கிடைத்து வருகிறவர்கள் செய்ய வேண்டிய அலுவல்கள் கொஞ்சம்தான். வாடகை வீட்டுக்கு 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். குடி வந்திருப்பதைப் போலீசுக்குத் தெரிவிக்கச் சொல்லி வீட்டுக்காரரை விரட்ட வேண்டும். லோக்கல் ரயிலுக்கு மாதப் பாஸோ மூன்று மாதப் பாஸோ எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரத்திலேயே தரகரும் அலுவலகத் தோழர்களும் இவற்றைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஊருக்குப் போய்வர எப்படிப்பட்ட பை வாங்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

நாம் ரயிலில் பழகியவர்கள். தாதர்–திருநெல்வேலி வண்டியிலோ நாகர்கோவில் வண்டியிலோ ஸ்லீப்பரில் ஏறினால் ஆளுக்கு 40 கிலோ வரை கொண்டுபோகலாம். அதையும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அரிசி மூட்டை, பலாப்பழம், வற்றல் டப்பா எல்லாம் சீட்டுக்கு அடியில் போய்விடும். லீவு இரண்டே நாள்தான் என்று விமானத்துக்கு மாறும்போதும் அந்தப் பழக்கம் நம்மை விடுவதில்லை. உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்பில் கையோடு கொண்டுபோக 7 கிலோ, லக்கேஜில் போட 15 கிலோ. பெரும்பாலான டிக்கெட்டுகளில் இவ்வளவுதான்.

நான் வந்த புதிதில், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும் என்று நான்கு சக்கர டிராலி ஒன்று வாங்கினேன். 'கேபின் சைஸ்' என்று அட்டை தொங்கியது. கடைக்காரர் ஒரு விரலால் உருட்டிக் காட்டி, பஞ்சு மாதிரி இருக்கும் என்றார். உருட்டினால் எந்தப் பெட்டிதான் கனக்கும்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திரும்பும்போது கோவில்பட்டியிலிருந்து பஸ் பிடித்து மதுரை விமான நிலையத்துக்கு வந்தேன். பெரிய பையில் அரிசியும் எண்ணெயும் சேர்ந்து 15 கிலோவைத் தொட்டிருந்தது. டிராலியைத் தராசில் வைத்தார்கள்: 9.6 கிலோ. லக்கேஜில் போட்டால் அந்த எடை முழுவதற்கும் கிலோக் கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்றார் கவுன்டரில் இருந்த பெண். அவர் சொன்ன தொகை என் டிக்கெட் விலையில் பாதிக்கு மேல் இருந்தது. வரிசை பின்னால் நீண்டுகொண்டிருக்க, தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். அம்மா முந்தின நாள் இரவு பதினோரு மணி வரை அடுப்படியில் நின்று சுட்ட முறுக்கு, உடன்குடிக் கருப்பட்டி, கடலை மிட்டாய், மிதுக்க வற்றல். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். வழியனுப்ப யாரும் வரவில்லை, திருப்பிக் கொடுத்துவிடவும் வழியில்லை. துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த ஒரு அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "அம்மா செய்ததா தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர் வாங்கத் தயங்கினார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

மும்பை வந்து சேர்ந்ததும், எங்கள் தெருப் பழைய இரும்புக் கடைத் தராசில் வெறும் டிராலியை நிறுத்தேன். 3.7 கிலோ. அதாவது 9.6-இல் என் சாமான் 5.9 கிலோதான். பை 1.1 கிலோவாக இருந்திருந்தால் கணக்கு சரியாக 7-இல் நின்றிருக்கும். ஒரு முறுக்கைக்கூட வெளியே எடுத்திருக்க வேண்டாம். பட்டணத்துப் பளபளப்புக்கு மயங்கி, பிளாஸ்டிக்கையும் சக்கரத்தையும் சுமந்துகொண்டு அம்மா கைப்பட்டதை விட்டுவிட்டு வந்தேன்.

அதனால் பைக் கடைக்குப் போகும்போது கொக்கித் தராசு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் வெறும் பையை மாட்டித் தூக்குங்கள். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காட்டினால் கீழே வைத்துவிடுங்கள். அந்தக் கணக்கில் சக்கரப் பெட்டிகள் பெரும்பாலும் அடிபட்டுப் போகும், போகட்டும். 35 முதல் 40 லிட்டர் கொள்கிற, பெட்டி போல முழு நீளத்துக்கும் ஜிப் திறக்கிற முதுகுப்பைதான் நமக்கு ஏற்றது. துணி நைலானாக இருந்தால் நல்லது. அதே உறுதிக்கு பாலியெஸ்டரைவிட எடை குறைவு.

அளவிலும் ஒரு வஞ்சனை உண்டு. பல விமான நிறுவனங்கள் கேட்பது 55 × 35 × 25 செ.மீ. கடையில் '20 அங்குலம்' என்பார்கள், கணக்குப் போட்டால் 51 செ.மீ. வரும். ஆனால் பல இடங்களில் அந்த அளவு சக்கரமும் கைப்பிடியும் இல்லாத வெறும் கூட்டுக்கு மட்டும்தான். நிறுவனங்கள் சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்தே அளக்கின்றன. என் பெட்டி நாடாவில் 57 வந்தது. தையல்காரர் நாடா ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

விமானம் ஏறும் வாசலில் கைப்பையைப் பறித்து லக்கேஜில் போடச் சொன்னால் முதலில் பவர் பேங்கை வெளியே எடுங்கள், அது பயணியுடன்தான் போக வேண்டும். மிளகாய்ப் பொடியைக் கைப்பையில் விடமாட்டார்கள். கொப்பரையை எங்குமே விடமாட்டார்கள், அதன் எண்ணெய்ச் சத்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால். இதையும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது கோவில்பட்டியிலும் ஒரு கொக்கித் தராசு இருக்கிறது. கட்டி முடித்ததும் அம்மா அதைத் தூக்கிப் பார்த்து, ஆறே முக்கால் என்று போனில் சொல்வார்.

சக்கரம் வேண்டாம் என்பதற்கு இந்த ஊரே இன்னொரு காரணம். நடைபாதையில் பதித்த கற்கள் பாதி பெயர்ந்து கிடக்கும், சின்னச் சக்கரம் அதில் சிக்கும். தாதரில் மத்திய ரயில்வேயிலிருந்து மேற்கு ரயில்வேக்கு மாற, கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறி மேம்பாலத்தைக் கடக்க வேண்டும். அங்கே டிராலியோடு நிற்பவரைப் பார்த்தாலே புது ஆள் என்று தெரிந்துவிடும். தாராவி, சயான் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: மெட்ரோ மூன்றாம் தடத்தில் தாராவி நிலையத்தில் ஏறினால் விமான நிலையத்தின் இரண்டு முனையங்களுக்கும் போய்விடலாம். அங்கும் தோளில் பை இருந்தால்தான் நிம்மதி.

இனி தினமும் வேலைக்குக் கொண்டுபோகும் பை. லோக்கல் ரயிலில் முதுகுப்பையை மார்பில்தான் மாட்ட வேண்டும். ஏறிய பிறகு திருப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பிளாட்பாரத்திலேயே மாட்டிவிடுங்கள். 18 முதல் 20 லிட்டர் போதும், அதற்கு மேல் வாங்கினால் எதிரில் நிற்பவர் நெஞ்சில் இடிக்கும். தொங்கும் வார்களைக் கத்தரித்து மடித்துத் தைத்துவிடுங்கள், கதவோரம் யார் கையிலாவது மாட்டினால் ஆபத்து. மேலே கம்பித் தட்டில் வைத்தால் இறங்கும்போது மறக்காதீர்கள். 2006 ஜூலை 11 அன்று ரயில்களில் குண்டு வெடித்த ஊர் இது. ஆளில்லாத பையைக் கண்டால் பெட்டியே பதறும்.

ஜூனில் மழை தொடங்கினால் செப்டம்பர் வரை விடாது. பையின் அடியில் மழை உறை மடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் லேப்டாப்பை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டே வையுங்கள், ஜிப் வழியாக நீர் இறங்கும்.

வாங்க கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் போகலாம். ஆனால் நான் சொல்வது தாராவி. சயான்–பாந்த்ரா சாலையோரத் தோல் கடைகளைப் பார்த்தால் நமக்கே பெருமையாக இருக்கும், அந்தத் தொழிலை இங்கே வளர்த்ததில் நம் ஆட்களின் பங்கு பெரிது. தோல் பை அழகு, பல வருடம் உழைக்கும். ஆனால் கனம், மழையில் பூசணமும் பிடிக்கும். பயணத்துக்கு அது வேண்டாம், இடுப்பு வாரும் பர்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள். உள் சந்துகளில் துணிப் பை தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் இப்போதைய பையைத் தைத்தவர் நெல்லைக்காரர். 55, 35, 25 என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். "அண்ணாச்சி, ஒரு கிலோவுக்குள் வர வேண்டும்" என்றேன். அவர் உள்பக்கத்து ஸ்பாஞ்சைக் குறைத்து, தோள்வாரில் மட்டும் தடிமனாக வைத்து, ஜிப் மட்டும் நல்லதாக வாங்கி வரச் சொன்னார். தராசில் 980 கிராம் வந்தது. நான்காவது வருடமாக ஓடுகிறது, ஒரு முறை ஜிப்பின் ரன்னரை மட்டும் மாற்றினார், காசு வாங்கவில்லை. தைக்கக் கொடுப்பதானால் மே மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். மழை தொடங்கிவிட்டால் அந்தச் சந்தில் தண்ணீர் நிற்கும்.