பைரசி சட்டம் யாரைப் பிடிக்கும்? பெங்களூரில் நாம் செய்யும் தவறுகள்

2024 அக்டோபரில் கொச்சி சைபர் போலீஸார் பெங்களூருக்கு வந்து இரண்டு பேரைக் கைது செய்தார்கள். இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். கோயம்புத்தூர் தியேட்டர் ஒன்றில் ஒரு மலையாளப் படத்தைப் பதிவு செய்து இணையத்தில் விட்டார்கள் என்பது புகார். படம் கேரளாவுடையது, பதிவானது தமிழ்நாட்டில், பிடிபட்டது கர்நாடகாவில். "இதையெல்லாம் யார் வந்து பிடிக்கப் போகிறார்கள்" என்று ஆபீஸ் கேன்டீனில் யாராவது சொன்னால் எனக்கு இந்த வழக்குதான் ஞாபகத்துக்கு வரும். தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரிண்டில் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் உண்டு. திருட்டுப் பிரதியில் அதைத் தேடி எடுத்தால் எந்தத் தியேட்டர், எந்த நேரம் என்று தெரிந்துவிடும்.

சரி, எல்லாரையும் பிடிக்க முடிகிறதா? இல்லை. ஒரு தளத்தை முடக்கினால் பேரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு மறுநாளே வந்து நிற்கிறது. அதற்காகத்தான் டெல்லி உயர் நீதிமன்றம் 2019-இல், புதிதாக முளைக்கும் நகல் தளங்களுக்கும் அதே தடையை நீட்டிக்க வழி செய்தது. ஆனாலும் தளத்தை நடத்துபவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கைக்கு எட்டுகிறவர் யார் என்றால், இங்கேயே போன் நம்பரோடும் ஆதாரோடும் இருக்கும் நாம்தான்.

அதனால்தான் "நான் அப்லோட் பண்ணவில்லை, ஃபார்வர்டுதானே செய்தேன்" என்ற பேச்சு எனக்குக் கவலையைத் தருகிறது. காப்புரிமை (காபிரைட்) சட்டத்தின் 63-ஆவது பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுபவரோடு அதற்கு உடந்தையாக இருப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தக் குற்றத்துக்கு வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "நான் காசு வாங்கவில்லையே" என்பதும் தப்பிக்கும் வழி இல்லை. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், தக்க காரணத்தை எழுதி நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

டெலிகிராமில் பெயர் தெரியாது என்று நம்புவது இன்னொரு தவறு. கோச்சிங் ஆசிரியை ஒருவரின் பாடங்கள் சேனல்களில் திருட்டுத்தனமாகப் பரவியபோது, அந்தச் சேனல்களை நடத்தியவர்களின் விவரங்களைத் தரச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. டெலிகிராமும் கொடுத்தது. மாரத்தஹள்ளி பிஜியில் தங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், பத்துப் பேர் சேர்ந்து வாங்கிய நோட்ஸை குரூப்பில் போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் டோரன்ட்டும் அப்படித்தான். நீங்கள் படத்தை இறக்கிக்கொண்டிருக்கும்போதே, வந்து சேர்ந்த துண்டுகள் உங்கள் கணினியிலிருந்து அடுத்தவருக்குப் போய்க்கொண்டிருக்கும். அது பகிர்வது.

இதற்கு நேர்மாறான தவறு, அளவுக்கு மீறிப் பயப்படுவது. முடக்கப்பட்ட தளங்களில் "பார்த்தாலே தண்டனை" என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. குற்றம் பார்ப்பதில் இல்லை, அனுமதியில்லாமல் பரப்புவதிலும் பொதுவில் காட்டுவதிலும் விற்பதிலும்தான் இருக்கிறது என்று சொல்லி, பம்பாய் உயர் நீதிமன்றம் 2016-இல் அந்த வாசகத்தை மாற்றச் சொன்னது. திருட்டுத் தளத்தில் படம் பார்க்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் இந்தப் பயத்தை வைத்துத்தான் மோசடிக்காரர்கள் பிழைக்கிறார்கள். திடீரென்று திரை முழுக்கப் போலீஸ் முத்திரை வந்து, உடனே அபராதம் கட்டு என்று கார்டு நம்பர் கேட்டால் அது போலி. மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பொதுவில் காட்டுவது என்றதும் எங்கள் அபார்ட்மென்ட் பொங்கல் விழா ஞாபகம் வருகிறது. கிளப் ஹவுஸில் புரொஜக்டர் வைத்து, ஒருவருடைய ஓடிடி கணக்கிலிருந்து படம் போடலாம் என்று திட்டம். டிக்கெட் கிடையாது, குடியிருப்பவர்கள் மட்டும்தான், அப்புறம் என்ன என்றார்கள். குடியிருப்போருக்கான பொது அறையில் இசைப் பதிவு ஒலிக்கச் சட்டம் விலக்கு தருகிறது. அது திரைப்படத்துக்குப் பொருந்தாது. ஓடிடி சந்தாவும் வீட்டுக்குள் பார்க்கத்தான். பெரியவர்கள் சிலருக்கு வருத்தம்தான், கடைசியில் பட்டிமன்றம் வைத்தோம்.

என்னை அதிகம் வருத்துவது படைப்பாளிகள் செய்யும் தவறு. அல்சூரில் இருக்கும் நண்பர் ஒருவர், சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு குறும்படம் எடுத்தார். அதை வேறொருவர் தன் சேனலில் ஏற்றிவிட்டார். காப்புரிமையைப் பதிவு செய்யவில்லையே, இனி என்ன செய்வது என்று மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டார். பதிவு கட்டாயமே இல்லை. படைத்த கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. தளத்துக்கு இணைப்போடு எழுத்தில் புகார் கொடுத்தால், அது சரியென்று படும்போது 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும் என்று 2013 காப்புரிமை விதிகள் சொல்கின்றன. அந்த முடக்கம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவைக் கொடுக்காவிட்டால் தளம் அந்த வீடியோவை மறுபடி திறந்துவிடலாம்.

நண்பர் அவசரத்தில் இன்னொன்றும் செய்தார்: முதலில் அந்த ஆளுக்கே போன் போட்டுத் திட்டிவிட்டார். அன்று இரவே வீடியோ மறைந்துவிட்டது, ஆதாரமும் கூடவே போய்விட்டது. போனை எடுப்பதற்கு முன் இணைப்பு, தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உங்கள் பகுதியின் சென் (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கான) போலீஸ் நிலையத்திலும் வக்கீலிடமும் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.