வன்னிக் கிரவல் பாதையில் இரண்டு நாள்: மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் மலை இல்லை. சுவிஸிலும் கனடாவிலும் மலைப்பாதையில் ஓடிப் பழகியவர்கள் இதை முதலில் மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றமும் கொண்டை ஊசி வளைவும் வேண்டுமென்றால் மலையகம் போங்கள். வன்னியில் இருப்பது கிரவல் என்கிற சரளைப் பாதை, குளக்கட்டு, வயலோரத்து மண் பாதை, உழவு இயந்திரம் மாரியில் கிழித்துவிட்டுப் போன தடம், அந்தத் தடம் கோடையில் காய்ந்து கல்லாகிப்போன பள்ளம். இரண்டு நாள் ஓடினால் மலையேறி இறங்கினது போலத்தான் உடம்பு நோகும். எனக்கு இதைப் போல இன்பம் வேறில்லை. ஆனால் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்களையும் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி. அப்போது கிரவல் பாதை பாதையாக இராது, குளங்கள் நிரம்பி வான் பாயும், போகவேண்டாம். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை நடக்கும். தார் றோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும். அதன்மேல் சில்லை ஏற்றாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. பெரும்பாலானவர்களுக்கு விடுமுறை கிடைப்பது ஆடி, ஆவணியில்தான். பாதை காய்ந்திருக்கும், ஆனால் வெயில் கொல்லும், சோளகக் காற்றில் புழுதி கண்ணை மறைக்கும். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். காலை ஆறரைக்கு வெளிக்கிட்டு, பதினொன்றுக்கு நிழல் பார்த்து ஒதுங்கி, மூன்று மணிக்குத் திரும்பவும் தொடங்குங்கள்.

அனுமதிப்பத்திர விஷயத்தில் அசட்டையாக இருக்கவேண்டாம். வெளிநாட்டில் கார் ஓடும் அனுமதி மட்டும் வைத்துக்கொண்டு இங்கே மோட்டார் சைக்கிள் ஓட முடியாது. மோட்டார் சைக்கிள் வகுப்பு உங்கள் அனுமதிப்பத்திரத்தில் இருக்கவேண்டும். சர்வதேச அனுமதியை அங்கேயே எடுத்து வந்து, அதற்கு இங்கே எந்த அத்தாட்சி வேண்டும் என்று கொழும்பிலேயே கேட்டு முடித்துவிடுங்கள். பயணக் காப்புறுதியில் மோட்டார் சைக்கிள் விபத்து அடங்குமா என்றும் வாசித்துப் பாருங்கள், பல காப்புறுதிகளில் அடங்காது. தலைக்கவசம் ஓடுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம்.

பெரிய வண்டி தேடி அலையாதீர்கள். கிடைத்தால் ஹொண்டா பாஜா நல்லது. கிடைக்காவிட்டால் மச்சானின் பஜாஜோ, ஹீரோவோ போதும். ஊர்ச் சனம் மூட்டையும் கட்டிக்கொண்டு அதே பாதையில் நூறு சீசீ வண்டியில்தான் போய்வருகிறது. அந்த வண்டிக்கு எந்தச் சந்தியிலும் சாமான் கிடைக்கும், எந்தக் கராஜ் பெடியனும் திருத்துவான். வாடகைக்கு எடுத்தால் செயினையும் ரயரையும் குனிந்து பார்த்த பிறகுதான் காசு கொடுங்கள். போன முறை எங்களில் ஒருவன் பார்க்காமல் எடுத்துவிட்டான். முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் செயின் அறுந்து, ஐந்து கிலோமீற்றர் தள்ளிக்கொண்டு வந்தோம். அன்றிலிருந்து என் பையில் ஒரு செயின் லொக், கிளச் கேபிள், முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு ரியூப், கைப்பம்பு, பிளக் ஒன்று எப்போதும் இருக்கும்.

சரி, பாதைக்கு வருவோம். முறிகண்டியில் தொடங்குங்கள். ஏ9 றோட்டால் போகிற எந்த வாகனமும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் போகாது, நீங்களும் உடையுங்கள். கச்சான் ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள், வழியில் உதவும். அங்கிருந்து மாங்குளம். மாங்குளத்தில் பெற்றோல் தாங்கியை நிரப்பிவிட்டு ஏ34 இல் திரும்புங்கள். முல்லைத்தீவு வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். தார் றோட்டால் நேரே போனால் ஒரு மணித்தியாலம், ஆனால் நீங்கள் அதற்காக வரவில்லை. ஒட்டுசுட்டானில் இறங்குங்கள். குரக்கன் அறுத்த பிறகு நின்ற ஒட்டை, அதாவது தாளைச் சுட்டபோது லிங்கம் தோன்றியது என்று ஊர்க்கதை. அந்தத் தான்தோன்றீஸ்வரர் கோவிலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கற்சிலைமடுவுக்கும் போங்கள். 1803 இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரப் படையிடம் தோற்றதாகச் சொல்லும் இடம் அது. பிறகுதான் முத்தையன்கட்டுப் பக்கக் கிரவல் தொடங்குகிறது.

இங்கிருந்து ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தத் திருப்பத்திலும் கேட்காமல் திரும்பாதீர்கள். கைப்பேசி வரைபடத்தில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு காட்டுக்குள் செத்துப்போன பழைய பாதையாக இருக்கலாம், வனத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடாக இருக்கலாம், இராணுவ முகாமின் பின்வேலியாக இருக்கலாம். சந்திக் கடையில் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். "ஐயா, உந்தப் பாதையால குளத்துக்குப் போகலாமோ?" என்று கேளுங்கள். போகலாம் என்றால் எந்த இடத்தில் மணல், எந்த மதகு உடைந்தது, எத்தனை மணிக்கு முன் திரும்பவேண்டும் என்று எல்லாம் சொல்வார்கள். போகவேண்டாம் என்றால் ஏன் என்று வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் மிதிவெடி. போர் 2009 இல் முடிந்தது. மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017 டிசம்பரில். கண்ணிவெடி அகற்றும் பெண்களும் ஆண்களும் வெயிலில் முழந்தாளில் இருந்து, ஒவ்வோர் அங்குலமாகக் கிண்டி, பெரும்பகுதியைத் துப்புரவாக்கிவிட்டார்கள். மிச்சம் இன்னும் இருக்கிறது, காட்டுக்குள்ளும் இருக்கிறது. வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருளை இடம் மாற்றவும் செய்யும். ஆகவே ஆட்கள் அன்றாடம் போய்வரும் தடத்தை விட்டு இறங்காதீர்கள். சலம் கழிக்கக்கூட பற்றைக்குள் போகவேண்டாம், சில்லுத் தடத்திலேயே நின்று முடியுங்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் வந்த தடத்தாலேயே திரும்புங்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதீர்கள், நினைவுக்கு என்று எடுத்து வரவே வேண்டாம்.

அடுத்தது யானை. ஒரு பின்னேரம் நாலரை மணி இருக்கும். குளக்கட்டுக்குப் போகும் பாதையில் சைக்கிளில் விறகு கட்டி வந்த ஐயா ஒருவர் கையைக் காட்டி எங்களை மறித்தார். பாதையின் நடுவில் யானை இலத்தி கிடந்தது. அவர் செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் அதை மெல்ல அமத்திப் பார்த்தார். "சுடுது தம்பி. இப்பதான் போயிருக்கு. தனியன் போல கிடக்கு, அரை மணித்தியாலம் நில்லுங்கோ" என்றார். நின்றோம். அவரும் எங்களோடு நின்றார். வீட்டுக்குப் போகவேண்டிய மனுசன், முன்பின் தெரியாத நாலு பெடியளுக்காகச் சைக்கிளைப் பாலை மரத்தில் சாத்திவிட்டு நின்றார். இருபது நிமிடத்தில் வலப்பக்கக் காட்டுக்குள் கொப்பு முறியும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தூரப் போன பிறகுதான் எங்களைப் போகவிட்டார்.

யானை கண்ணில் பட்டால் நூறு மீற்றருக்கு முன்னமே நில்லுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், லைற்றை மின்ன வைக்காதீர்கள். வண்டியை மெதுவாகத் திருப்பி வைத்துக்கொண்டு பாருங்கள். படம் எடுக்கக் கிட்டப் போனவர்களின் கதை ஊரில் நிறைய உண்டு. ஐந்து மணிக்குப் பிறகு காட்டுப்பாதையில் இருக்கவே கூடாது. மின்வேலியின் படலையைத் திறந்து போனால் திரும்ப மூடுங்கள். நீங்கள் மறந்த ஒரு படலையால் ஒரு இரவில் ஒரு வயல் போய்விடும்.

ஓடும் விதம் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. உருள்கல்லில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் விழுவீர்கள், பின் பிரேக்கை நம்புங்கள். மணலில் இரண்டாம் கியரில், உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, ஒரே அளவாக முறுக்கிக்கொண்டு போங்கள். பாதி வழியில் பயந்து முறுக்கை விட்டீர்களோ, முன் சில்லு புதைந்துவிடும். ரயரில் நாலைந்து பி.எஸ்.ஐ. காற்றைக் குறைத்தால் பிடி கிடைக்கும், அதற்கு மேல் குறைத்தால் ரியூப் கடிபட்டுப் போகும். முன்னால் போகிறவரின் புழுதி அடங்கும் தூரம் விட்டு ஓடுங்கள். தண்ணீர் மறித்த இடத்தை ஆழம் தெரியாமல் கடக்கவேண்டாம், குளங்களில் முதலையும் உண்டு.

இரவு முள்ளியவளையிலோ முல்லைத்தீவிலோ தங்கலாம். மறுநாள் காலை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில், நந்திக்கடலோரம், வட்டுவாகல் பாலம். பாலம் ஒடுக்கம், மாரியில் வெள்ளம் மேவும். அதன் நிலைமையை அன்று காலையிலேயே விசாரியுங்கள். பாலத்துக்கு அப்பால் முள்ளிவாய்க்கால். அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு நில்லுங்கள். வண்டியில் சாய்ந்து நின்று சிரித்துப் படம் எடுக்கவேண்டாம். நீங்கள் நிற்கிற மணலில் தன் பிள்ளையைத் தேடி இன்னும் வந்து போகிற தாய் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வீடுகளையும் ஆட்களையும் கேட்காமல் கமெராவில் பிடிக்காதீர்கள். முகாம்களைப் படம் எடுக்காதீர்கள், அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடாதீர்கள்.

புதுக்குடியிருப்பில் சாப்பிட்டுவிட்டு, உடையார்கட்டு, விசுவமடு, தர்மபுரம் என்று ஏ35 ஆல் பரந்தனுக்கு வந்து சேரலாம். இது நல்ல தார் றோட்டு, அதனால்தான் கவனம் வேண்டும். இரண்டு நாள் கிரவலில் குலுங்கியவனுக்கு இங்கே கை தானாக முறுக்கும். பின்னேரத்தில் பட்டிமாடுகள் றோட்டை நிறைத்து வரும், கறுப்பு மாடு இருட்டில் தெரியாது. விபத்து என்றால் 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

பரந்தன் சந்தியில் நின்று முகத்துப் புழுதியைக் கழுவியதும், இரவு தங்கிய வீட்டுக்கு ஒரு போன் எடுங்கள். "வந்து சேர்ந்திட்டம் அம்மா" என்று நீங்கள் சொல்லும்வரை அவர் படலையைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.