மாற்றி அமைக்கக்கூடிய ஆய்வுக்கூடம்: எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1943-இல் போர்க்காலத் தேவைக்காக மரத்தில் எழுப்பிய 20-ஆம் எண் கட்டடம் 1998 வரை தாக்குப்பிடித்தது. அழகில்லாத கட்டடம்தான். ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் தேவைப்பட்டபோது சுவரைத் துளைத்தார்கள், தடுப்பைப் பெயர்த்தார்கள். புதிதாகக் கட்டும்போதும் இந்தச் சுதந்திரத்தைத்தான் முதலில் திட்டமிட வேண்டும்.

மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். தரையில் பிளக் பெட்டி பதித்தால் ஆறே மாதத்தில் ஏதாவதொரு மேசைக்கால் அதன்மேல் நிற்கும். நடைபாதையில் எக்ஸ்டென்ஷன் வயர் ஓடும், அதில் கால் தடுக்கும். அதனால் இணைப்புகள் மேலிருந்து இறங்கட்டும். சுமார் 2.5 மீட்டர் உயரத்தில் கேபிள்களைத் தாங்கும் திறந்த கேபிள் ட்ரே, அதிலிருந்து 1.8 மீட்டர் இடைவெளிக்கு ஒன்றாகக் கீழே வரும் இணைப்பு இறக்கம், ஒவ்வொன்றிலும் நான்கு பிளக் பாயிண்ட், இரண்டு நெட்வொர்க் முனை. ட்ரேயில் பாதியைக் காலியாகவே விடுங்கள். அடுத்து வரும் குழுவின் கேபிளுக்கும் இடம் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் ஒன்றில் எட்டுக் கணினிக்கு மேல் மாட்டாதீர்கள். ஒவ்வொரு பவர் சப்ளையும் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்குக் கசியவிடும்; எல்லாம் சேர்ந்தால் எந்தப் பழுதும் இல்லாமலே துண்டிப்பான் விழும், பலருடைய வேலை போகும். சாலிடரிங் (ஈயப் பற்றவைப்பு), ஹீட்டர் போன்றவற்றுக்குத் தனிச் சர்க்யூட்.

மேசைகளுக்குச் சக்கரம் வையுங்கள், நான்கிலும் பூட்டு இருக்க வேண்டும். இரண்டில் மட்டும் பூட்டினால் நுண்ணிய வேலையின்போது மேசை திரும்பும். நுண்ணோக்கி வைக்கும் மேசைக்குச் சக்கரம் கூடாது. இரு வரிசைக்கு நடுவே 1.5 மீட்டர் விட்டால் சக்கர நாற்காலியும் திரும்பும்.

வந்தவர் கிடைத்த இடத்தில் உட்காரும் முறை இங்கே ஒத்துவராது. பாதி பிரித்த போர்டு, அதைக் கவ்வியிருக்கும் ஆஸிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) முனை, பக்கத்துத் தாளில் பென்சிலால் குறித்த மூன்று அளவுகள்: இவையெல்லாம் மறுநாள் காலையிலும் அப்படியே இருக்க வேண்டும். மாலைதோறும் எடுத்துவைக்கச் சொன்னால் காலையில் ஒரு மணி நேரம் வீண். ஆளுக்கொரு நிரந்தர மேசை கொடுங்கள்.

கவனத்தை அதிகம் கலைப்பது இயந்திர இரைச்சல் அல்ல, புரியும்படி காதில் விழும் பேச்சு. அமைதி அறையின் சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றால் பேச்சு மேல்வழியாகத் தாண்டி வரும். சுவரை மேலே உள்ள கான்கிரீட் தளம்வரை ஏற்றி, இடுக்குகளை அடைத்துவிடுங்கள்.

சாலிடர் புகையை முனையருகிலேயே உறிஞ்ச வேண்டும். லேசர் வெட்டுக் கருவியின் புகை குழாய் வழியே வெளியேற வேண்டும். பத்துச் சதுர மீட்டர் அறையில் காற்றோட்டமின்றி ஆறு பேர் கூடினால் கால் மணிக்குள் கரியமில வாயு 1,000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கு) தாண்டும், தலை கனக்கும். கூட்ட அறையில் அந்த வாயுவை அளக்கும் மீட்டர் ஒன்றை மாட்டுங்கள்.

குடிபுகுமுன் ஒரு சோதனை: இருவரிடம் சாதாரணக் கருவிகளைக் கொடுத்து, ஒரு மேசையை மறுகோடிக்கு நகர்த்தி, இணைப்புக் கொடுத்து இயக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் தாண்டினாலோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியிருந்தாலோ, இறக்கங்களின் இடைவெளியைத் திருத்துங்கள்.